பை சொல்வதற்கு முன்னால்: ஆங்கிலத்தில் விடைபெறும் வார்த்தையைத் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

வீட்டை விட்டுக் கிளம்பும்போது "போறேன்" என்று சொல்லிப் பாருங்கள். உள்ளேயிருந்து யாராவது ஒருவர் உடனே திருத்துவார்: "போயிட்டு வரேன்னு சொல்லு." யாழ்ப்பாணத்தில் இதையே "போட்டு வாறன்" என்பார்கள். நம்முடைய விடைபெறும் சொல்லுக்குள் திரும்பி வருவதும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

இந்தப் பழக்கத்தோடு ஆங்கிலம் பேசப் போகிறவர்கள் இரண்டு விதமாகத் தடுமாறுகிறார்கள். சிலர் அப்படியே மொழிபெயர்த்து "ஐ வில் கோ அண்ட் கம்" என்கிறார்கள். அதைக் கேட்கும் அமெரிக்கர், இவர் பத்து நிமிடத்தில் திரும்பி வந்துவிடுவார் என்று நினைத்துக்கொள்வார். இன்னும் சிலர் தப்பு வந்துவிடுமோ என்ற பயத்தில் எல்லா இடத்திலும் "ஓகே பை" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். தப்பில்லைதான். ஆனால் அரை மணி நேரம் அன்பாகப் பேசிய ஒருவரிடம் அப்படி முடித்தால் கதவைப் பட்டென்று சாத்தியது போல் இருக்கும்.

நான் மாலை வகுப்பில் பேச்சு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்களில் பெரும்பாலானோர் வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு போனில் பேசும் வேலையில் இருப்பவர்கள். இலக்கணத்தைவிட அவர்களை அதிகம் பதற வைப்பது பேச்சை எப்படி முடிப்பது என்பதுதான். அவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: ஆங்கிலத்தில் விடைபெறும் சொற்கள் ஒன்றுக்கு ஒன்று பதிலாகப் போட்டுக்கொள்ளும் சொற்கள் அல்ல. நாம் "வரேன்" என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவதை ஆங்கிலம் பல சொற்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. நாளைக்கு வருவதற்கு ஒன்று, என்றைக்காவது வருவதற்கு ஒன்று, வராமலே போகக்கூடியதற்கு ஒன்று. அதனால் வார்த்தையைத் தேடும் முன் அடுத்த சந்திப்பைப் பற்றி யோசியுங்கள்.

படி 1: வார்த்தைக்கு முன்பே கிளம்புங்கள்

1973-ல் இமானுவேல் ஷெக்லாஃப், ஹார்வி சாக்ஸ் என்ற இரண்டு அமெரிக்கச் சமூகவியலாளர்கள், உரையாடல்கள் எப்படி முடிவுக்கு வருகின்றன என்று ஆராய்ந்து எழுதினார்கள். அவர்கள் கவனித்த முக்கியமான விஷயம், யாரும் திடீரென்று "பை" சொல்லிவிடுவதில்லை என்பது. அதற்கு முன்னால் "வெல்", "ஓகே", "ஸோ" மாதிரி ஒரு சின்னச் சொல் இறங்குகிற தொனியில் வருகிறது. எனக்குச் சொல்ல வேறொன்றும் இல்லை, உனக்கு ஏதாவது இருக்கிறதா என்பது அதன் பொருள். எதிரில் இருப்பவரும் "ஓகே" என்றால் இருவரும் முடிக்கச் சம்மதித்துவிட்டார்கள். பை அதற்குப் பிறகுதான்.

இது நமக்குப் புதிதே இல்லை. "சரி... அப்புறம்?" "வேறென்ன?" "சரி, அப்போ வச்சிடட்டுமா?" என்று நாம் போனில் செய்வதும் இதே வேலைதான். ஆங்கிலத்தில் பேசும்போது மட்டும் அதை மறந்துவிடுகிறோம்.

எனவே முதலில் "ஆல்ரைட்" அல்லது "வெல்" என்று மெதுவாகத் தொடங்குங்கள். பிறகு கிளம்புவதற்கு ஒரு காரணம். "ஐ ஷுட் கெட் கோயிங்" எங்கும் செல்லும். நண்பர்களிடம் "ஐ காட்ட கோ" போதும். போனில் அமெரிக்கர்கள் அடிக்கடி சொல்வது "ஐ வில் லெட் யூ கோ". உங்கள் நேரத்தை நான் எடுத்துக்கொள்ளவில்லை, உங்களை விடுகிறேன் என்ற பணிவு அதில் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த வாக்கியம் இது.

இங்கே ஒரு குழியைக் காட்டிவிடுகிறேன். "போனை வச்சிடறேன்" என்பதை "ஐ வில் கீப் த போன்" என்று சொல்கிறவர்கள் நம் ஊரில் நிறைய. ஆங்கிலத்தில் அதற்கு "இந்தப் போனை நானே வைத்துக்கொள்கிறேன்" என்று பொருள். சரி என்று அதைத் திருத்தி, "ஐ ஆம் கோயிங் டு ஹேங் அப்" என்று சொன்னால் இலக்கணம் சரியாக இருக்கும், தொனி கெட்டுவிடும். கோபத்தில் இணைப்பைத் துண்டிக்கிறவர் சொல்வது போல அது கேட்கும். இரண்டையும் விட்டுவிட்டு "ஐ வில் லெட் யூ கோ" என்பதையே பழகிக்கொள்ளுங்கள்.

படி 2: அடுத்த சந்திப்பு எப்போது?

இந்த வழிகாட்டியில் இதுதான் கனமான பகுதி. பொறுமையாகப் பாருங்கள்.

சந்திப்பு நிச்சயமாகியிருந்தால் அந்த நேரத்தையே சொல்லுங்கள். "சீ யூ டுமாரோ", "சீ யூ ஆன் மண்டே", "சீ யூ அட் சிக்ஸ்". இப்போதுதான் நேரம் பேசி முடித்தீர்கள் என்றால் "சீ யூ தென்". இவை எந்தத் தகுதியில் இருப்பவரிடமும் சொல்லலாம். அலுவலகத்தில் மேலதிகாரியிடமும் வாசலில் நிற்கும் காவலாளியிடமும் ஒரே "சீ யூ டுமாரோ" பொருந்தும். எதைச் சொல்வது என்று குழம்பினால் இதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

சந்திப்பது உறுதி, நாள் மட்டும் முடிவாகவில்லை என்றால் "சீ யூ சூன்". அடுத்த வாரம் ஊருக்கு வரப்போகிற நண்பரிடம் இதைச் சொல்லலாம். சந்திக்கப் போவதே இல்லாத ஒருவரிடம் சொன்னால், எப்போது வருகிறாய் என்று அவர் யோசிக்கத் தொடங்குவார்.

"சீ யூ லேட்டர்" தான் நம்மை அதிகம் ஏமாற்றுவது. லேட்டர் என்றால் பிறகு. எனவே இன்றே பிறகு பார்ப்போம் என்று அர்த்தம் போலத் தோன்றும். அப்படியும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பெரும்பாலான நேரங்களில் அதற்கு நேரக்கணக்கே கிடையாது. பிரிட்டனில் கடைக்காரர் முன்பின் தெரியாத வாடிக்கையாளரிடம்கூட இதைச் சொல்வார். "எத்தனை மணிக்கு?" என்று கேட்டுவிடாதீர்கள். உண்மையிலேயே இன்றைக்கே சந்திக்க வேண்டும் என்றால் அவர்கள் "சீ யூ திஸ் ஈவினிங்" என்று நேரத்தைச் சேர்த்துச் சொல்வார்கள். நம்முடைய "வரேன்" என்பதற்கு மனத்தளவில் மிக அருகில் இருப்பது இந்தச் சொல்தான் என்பது என் எண்ணம். நாமும் "வரேன்" என்று சொல்லும்போது எப்போது என்று யாரும் கேட்பதில்லையே.

"கேட்ச் யூ லேட்டர்", வெறும் "லேட்டர்", "சீ யா" எல்லாம் இதன் தம்பிகள். நண்பர்களுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

"சீ யூ அரவுண்ட்" விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். எங்காவது தற்செயலாகப் பார்த்தால் பார்ப்போம் என்பது அதன் பொருள். ஒரே கல்லூரியில் படிப்பவர்கள், ஒரே தெருவில் இருப்பவர்கள் சொல்லிக்கொண்டால் இயல்பாக இருக்கும். ஆனால் இரண்டு பேர் முதல் முறையாக வெளியே சாப்பிடப் போய்விட்டு, கிளம்பும்போது ஒருவர் மட்டும் "சீ யூ அரவுண்ட்" என்றால், இனி அழைக்க மாட்டேன் என்று நாகரிகமாகச் சொல்கிறார் என்றே மற்றவர் எடுத்துக்கொள்வார். புதிதாகப் பழகும் வாடிக்கையாளரிடமும் இதே குளிர்ச்சிதான் தெரியும். அங்கே "லுக்கிங் ஃபார்வர்ட் டு அவர் நெக்ஸ்ட் கால்" என்று சொல்லுங்கள்.

இன்னொன்று. சீ என்றால் கண்ணால் பார்ப்பது. ஒருவரோடு போனில் மட்டுமே பேசுகிறீர்கள், நேரில் பார்க்கப் போவதில்லை என்றால் "டாக் டு யூ டுமாரோ", "டாக் டு யூ லேட்டர்", "டாக் சூன்" என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

எப்போது சந்திப்போம் என்றே தெரியாதபோது "டேக் கேர்". அதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

படி 3: குட்பை என்ற முழுச் சொல்லை யோசித்து எடுங்கள்

பள்ளியில் முதலில் படித்தது குட்பை என்பதால் அதுதான் பொதுவான சொல் என்று நினைக்கிறோம். அன்றாடப் பேச்சில் புழங்குவது அதன் வாலான "பை" மட்டும்தான்.

குட்பை என்ற சொல் பிறந்தது "காட் பீ வித் யீ" என்ற வாழ்த்திலிருந்து. கடவுள் உன்னோடு இருக்கட்டும் என்று பொருள். 16-ஆம் நூற்றாண்டிலேயே அது சுருங்கி ஒரே சொல்லாக எழுதப்படத் தொடங்கிவிட்டது. "குட் டே", "குட் ஈவினிங்" போன்ற வாழ்த்துகளின் பக்கத்திலேயே இருந்ததால், காட் என்பது மெல்ல குட் என்று மாறியது. அந்தப் பழைய வாழ்த்தின் கனம் முழுச் சொல்லில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. முறையான தொலைபேசி அழைப்பிலும் அறிவிப்பிலும் குட்பை சாதாரணமாகக் கேட்கும். நண்பரிடமோ துணையிடமோ முகத்தைப் பார்த்து முழுதாகச் சொன்னால், இத்தோடு முடிந்தது என்ற பொருள் வந்துவிடலாம். சண்டையின் முடிவில் சொன்னால் நிச்சயம் வரும்.

பை சொல்லும்போதும் குரலைக் கவனியுங்கள். வெட்டினாற்போல் "பை" என்றால் எரிச்சல் தெரியும். கடைசியில் கொஞ்சம் இழுத்து, குரலை லேசாக ஏற்றிச் சொன்னால் அன்பு தெரியும். எழுத்தில் இதைக் காட்டுவது கடினம், வகுப்பில் பத்து முறை சொல்ல வைத்துத்தான் பழக்குகிறேன்.

ஃபேர்வெல் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் ஃபேர்வெல் பார்ட்டி கொண்டாடிப் பழகியதால் என் மாணவர் ஒருவர் வாடிக்கையாளருக்கு எழுதிய தினசரி மின்னஞ்சலின் கடைசியில் "ஃபேர்வெல்" என்று போட்டுவிட்டார். வேலையை விட்டுப் போகிறீர்களா என்று மறுநாள் கவலையோடு பதில் வந்தது. விழாவின் பெயராக அந்தச் சொல் சரி. ஒருவரைப் பார்த்து அப்படிச் சொல்வது இன்று பழைய நாடகங்களில்தான். "ஸோ லாங்" என்பதும் அப்படியே, பழைய படங்களில் கேட்டு ரசிக்கலாம்.

படி 4: எதிரில் இருப்பவரின் நிலையைப் பாருங்கள்

அமெரிக்கக் கடைகளில் பணம் கட்டிவிட்டுத் திரும்பினால் "ஹாவ் எ குட் ஒன்" என்பார்கள். அந்த ஒன் என்பது பகல், மாலை, வார இறுதி எதுவாகவும் இருக்கலாம். நேரத்தைப் பார்க்காமல் சொல்லிக்கொள்ள வசதியான சொல். "ஹாவ் எ நைஸ் டே" கொஞ்சம் முறையானது, வாடிக்கையாளர் சேவையில் அதிகம் வருவது.

இந்த இடத்தில்தான் என் மாணவர்களிடம் நான் கண்டிப்பாக இருக்கிறேன். ஒருவர் போன் செய்து, இறந்துபோன தன் கணவரின் கணக்கை மூட வேண்டும் என்று கேட்கிறார். வேலை முடிந்ததும் எழுதிக் கொடுத்த தாளில் இருக்கிறதே என்று "ஹாவ் எ நைஸ் டே" சொல்லக் கூடாது. அந்தப் பெண்ணுக்கு அது எப்படி இருக்கும்? அங்கே சொல்ல வேண்டியது "ப்ளீஸ் டேக் கேர்". நாம் "உடம்பைப் பாத்துக்குங்க" என்று சொல்லும்போது இருக்கும் அக்கறை அதில் இருக்கிறது. உடம்பு சரியில்லாதவர், வேலையை இழந்தவர், நீண்ட பயணம் போகிறவர், நெடுநாள் கழித்துச் சந்தித்துப் பிரிகிறவர் என்று எல்லோருக்கும் டேக் கேர் பொருந்தும். நாளைக் காலையே பார்க்கப் போகும் சக ஊழியரிடம் தினமும் சொன்னால் மட்டும் கொஞ்சம் அதிகப்படியாக இருக்கும்.

"டேக் இட் ஈஸி" என்பதும் அமெரிக்காவில் நண்பர்கள் விடைபெறும் சொல். ஆனால் எதிரில் இருப்பவர் கோபத்தில் இருந்தால் அதுவே "கொஞ்சம் அடங்கு" என்று மாறிவிடும். கோபமான வாடிக்கையாளரிடம் வேண்டவே வேண்டாம்.

முதல் சந்திப்பா, ஏற்கெனவே தெரிந்தவரா என்பதையும் பாருங்கள். முதல் சந்திப்பின் தொடக்கத்தில் "நைஸ் டு மீட் யூ", அதே சந்திப்பின் முடிவில் "நைஸ் மீட்டிங் யூ". ஏற்கெனவே தெரிந்தவர் என்றால் "நைஸ் சீயிங் யூ". மூன்று முறை சந்தித்த ஒருவரிடம் மறுபடியும் "நைஸ் மீட்டிங் யூ" என்றால், முன்பு பார்த்ததை மறந்துவிட்டார் என்று அவர் வருத்தப்படக்கூடும். அதேபோல வேலையை விட்டுப் போகிறவரிடம் "நைஸ் நோயிங் யூ" என்று சொல்லாதீர்கள். நீ பிழைக்க மாட்டாய் என்று கிண்டலாகச் சொல்லும்போது வருகிற வாக்கியம் அது. "இட்ஸ் பீன் கிரேட் வொர்க்கிங் வித் யூ" என்பது மனதாரச் சொல்லக்கூடியது.

அமெரிக்க, பிரிட்டிஷ் அலுவலகங்களில் "பை சார்" தேவையில்லை. பெயரைச் சேர்த்தால் போதும். முதலில் கூச்சமாக இருக்கும், ஒரு வாரத்தில் பழகிவிடும்.

படி 5: கடிகாரத்தைப் பாருங்கள், அவருடைய கடிகாரத்தை

இரவு ஒன்பது மணிக்கு விருந்துக்குப் போய் வாசலில் "குட் நைட்" என்று சொன்னால், வந்தவுடனே கிளம்புகிறீர்கள் என்று பொருள். குட் நைட் விடைபெறுவதற்கும் தூங்கப் போவதற்கும் மட்டும். எவ்வளவு இரவானாலும் வரும்போது "குட் ஈவினிங்" தான்.

ஒரு எளிய விதி சொல்கிறேன். முன்னால் "ஹாவ் எ" வந்தால் அது விடைபெறுவது. குட் மார்னிங், குட் ஆஃப்டர்நூன், குட் ஈவினிங் எல்லாம் வரவேற்பு. "ஹாவ் எ குட் ஈவினிங்" கிளம்பும்போது. வெறும் "குட் டே" என்று அமெரிக்காவில் சொல்லி முடித்தால் கறாராகக் கேட்கும். ஆஸ்திரேலியாவில் அதுவே "கிடே" என்று சுருங்கி வணக்கம் ஆகிவிட்டது.

இப்போது கடல் தாண்டிய அழைப்புக்கு வருவோம். சென்னையில் வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணி. கோடைக்காலம் என்றால் சிகாகோவில் அப்போது காலை 9:30, குளிர்காலத்தில் 8:30. நீங்கள் தூக்கக் கலக்கத்தில் "குட் நைட்" என்றால் அவருக்குப் பொருந்தாது. கேட்பவரின் நேரத்துக்குத்தான் வாழ்த்து. உரையாடல் இப்படிப் போகலாம்:

"ஆல்ரைட், ஐ திங்க் தட்ஸ் எவ்ரிதிங் ஃப்ரம் மை சைட்."
"சேம் ஹியர். தேங்க்ஸ் ஃபார் ஸ்டேயிங் லேட்."
"நோ ப்ராப்ளம். ஐ வில் லெட் யூ கோ. ஹாவ் எ குட் டே."
"தேங்க்ஸ், என்ஜாய் யுவர் ஈவினிங். டாக் டு யூ ஆன் மண்டே."
"டாக் டு யூ மண்டே. பை."
"பை."

முதல் வரி கதவைத் திறக்கிறது, இரண்டாவது சம்மதிக்கிறது, மூன்றாவதில் காரணமும் வாழ்த்தும் வருகின்றன, நான்காவது அடுத்த சந்திப்பைச் சொல்கிறது. பை வரும்போது யாருக்கும் அதிர்ச்சி இல்லை. வெள்ளிக்கிழமை என்பதால் "ஹாவ் எ குட் வீக்கெண்ட்" என்றும் சொல்லலாம். இரண்டு ஊருக்கும் பொதுவான வாழ்த்து அது.

படி 6: பதில் சொல்லப் பழகுங்கள்

"ஹாவ் எ குட் ஒன்", "டேக் கேர்", "ஹாவ் எ குட் வீக்கெண்ட்" எல்லாவற்றுக்கும் "தேங்க்ஸ், யூ டூ" போதும். நம் ஊரில் பழகிய "சேம் டு யூ" வேண்டாம். திட்டியவரிடம் திருப்பிக் கொடுக்கும்போதும் அதைச் சொல்வார்கள் என்பதால் தொனி தவறிப் போகலாம். மேலே பார்த்த சிகாகோ அழைப்பில் அவர் சொல்லும் "என்ஜாய் யுவர் ஈவினிங்" என்பதற்கு மட்டும் யூ டூ பொருந்தாது, ஏனென்றால் அங்கே இப்போது காலை.

படி 7: ஊர்ச் சொற்களைப் புரிந்துகொள்ளுங்கள், உடனே எடுத்துப் பேச வேண்டாம்

பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் "சியர்ஸ்" என்றால் நன்றி, விடைபெறுவதும் அதுவே. அமெரிக்கருக்கு அது பெரும்பாலும் கோப்பையைத் தூக்கும்போது சொல்வது. "சியரியோ" இன்று பிரிட்டனிலேயே முதியவர்களின் சொல். பர்மிங்ஹாம், லிவர்பூல் பக்கம் "டரா" என்பார்கள். நாம் குழந்தையிடம் "டாட்டா காட்டு" என்கிறோமே, அந்த டாட்டாவும் ஆங்கிலேயர் வீட்டுக் குழந்தைப் பேச்சிலிருந்து வந்ததுதான். அதனால் அலுவலகக் கூட்டத்தின் முடிவில் டாட்டா சொல்வது சரியாக இருக்காது.

அயர்லாந்துக்காரர்கள் போனை வைக்கும்போது "பை பை பை பை" என்று வேகமாக அடுக்கிக்கொண்டே போவார்கள். அவசரம் என்று நினைக்க வேண்டாம், அது அவர்களின் அன்பான பழக்கம். "குட் லக்" என்றுகூட விடைபெறுவார்கள், உங்களுக்கு ஏதோ பரீட்சை என்று பொருள் இல்லை. வீட்டுக்குக் கிளம்புகிறவரிடம் அவர்கள் சொல்லும் "சேஃப் ஹோம்" எனக்கு மிகவும் பிடித்தது. பத்திரமாக வீடு போய்ச் சேர் என்பதை இரண்டே சொல்லில் சொல்லிவிடுகிறார்கள்.

எழுதும்போது

குறுஞ்செய்தியில் நண்பர்களுக்கு "டி.டி.ஒய்.எல்." என்று டாக் டு யூ லேட்டரைச் சுருக்கி எழுதலாம். வேலை மின்னஞ்சலில் பை வராது. "பெஸ்ட்", "தேங்க்ஸ்", "ரிகார்ட்ஸ்" இவற்றில் ஒன்றை எழுதிப் பெயரைப் போடுங்கள். நன்றாகப் பழகியவர் என்றால் "டாக் சூன்".

நீண்ட பிரிவுக்கு

பயணம் கிளம்புகிறவரிடம் "சேஃப் டிராவல்ஸ்" அல்லது "ஹாவ் எ சேஃப் ஃப்ளைட்". காரை எடுத்துக்கொண்டு இரவில் கிளம்பினால் "டிரைவ் சேஃப்". தொடர்பு விட்டுப்போகக் கூடாது என்று நினைத்தால் "லெட்ஸ் கீப் இன் டச்". அதைச் சொன்ன பிறகு ஒரு வாரத்துக்குள் நீங்களே ஒரு செய்தி அனுப்புங்கள். வெறும் மரியாதைக்காகவும் பலர் இதைச் சொல்வதால், நீங்கள் அனுப்பும் செய்திதான் அதை உண்மையாக்கும்.

கடைசியாக ஒரு வாக்கியம். விமான நிலைய வாசலிலும், இரவு விருந்து முடிந்து தோழி தனியாகக் கிளம்பும்போதும் ஆங்கிலம் பேசுகிறவர்கள் பை சொல்லிவிட்டு, பிறகு திரும்பி நின்று சொல்வது இது: "டெக்ஸ்ட் மீ வென் யூ கெட் ஹோம்." இதை மட்டும் தைரியமாக மொழிபெயர்த்துக்கொள்ளலாம். "போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் போடு" என்று நாம் பேருந்து ஜன்னல் பக்கம் நின்று சொல்வதுதான் அது.